கொக்கின் முழங்கால் எங்கே?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சிமெண்ட் ஆலையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்கள் அடையாளம் சொல்வார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை ஒழுங்காகப் பெய்து கண்மாய்களில் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வட்டாரத்துக்கு இன்னொரு முகம் வந்துவிடும். கரையோரம் வெள்ளைக்கொக்கு நிற்கும். மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்கு அலையும். சேற்று நிறத்தில் அசையாமல் நிற்கும் மடையான், நாம் பக்கத்தில் போனதும் வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்துவிடும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பறவை வரையச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் படப்புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை, கண்மாய்க்கரை போதும்.

கொக்கை வரையும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் சிக்கல் வரும். காலின் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. அது முழங்கால் என்று வைத்துக்கொண்டால் முன்பக்கமாகத்தானே மடிய வேண்டும்? கொக்கு அடியெடுத்து வைக்கும்போது பார்த்தால் அது பின்பக்கமாக மடிகிறது. சில பிள்ளைகள் கண்ணால் பார்த்ததையே நம்பாமல் மனிதக் காலைப் போட்டுவிடுவார்கள். சிலர் பார்த்தபடி போடுவார்கள், ஆனால் “இது ஏன் சார் திருப்பி இருக்கு?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பறவை வரையக் கற்பதில் பாதி விஷயம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

நாம் முழங்கால் என்று நினைக்கும் அந்த மூட்டு உண்மையில் கணுக்கால். அதற்குக் கீழே நீளமாக, குச்சியாகத் தெரிவது பாதத்தின் எலும்பு. தரையில் ஊன்றியிருப்பவை விரல்கள் மட்டுமே. குதிகால் தரையைத் தொடாமல், வாழ்நாள் முழுவதும் விரல் நுனியில் நடக்கும் பிராணி பறவை. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரத்து இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. அது நம் முழங்காலைப் போலவே முன்பக்கமாகத்தான் மடிகிறது. தொடை எலும்பு இன்னும் உள்ளே, உடலை ஒட்டிக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகக் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் பறவையின் தொடையை ஒருநாளும் பார்ப்பதில்லை. கறிக்கடையில் கோழியை வாங்கி வெட்டுபவருக்கு மட்டும் அது தெரியும். லெக் பீஸ் என்று நாம் சாப்பிடுவதில் குச்சியுள்ள பகுதி கெண்டைக்கால். அதற்கு மேலே உடலோடு ஒட்டிய சதைப்பகுதிதான் தொடை. இரண்டும் சேரும் இடத்தில் இருப்பது முழங்கால்.

இது எப்படித் தெரியவந்தது? பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் பெலோன் 1555இல் பறவைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு பக்கம் மனித எலும்புக்கூடு, எதிர்ப்பக்கம் பறவையின் எலும்புக்கூடு. பறவையை மனிதனைப் போலவே நிமிர்த்தித் தொங்கவிட்டு வரைந்திருந்தார். ஒத்த எலும்புகளுக்கு இரண்டு படத்திலும் ஒரே எழுத்தைக் குறித்தார். இறக்கைக்குள் மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் இருப்பது அந்த இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தபோது வாசகர்களுக்குப் புரிந்தது. டார்வின் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பு வரையப்பட்ட படம் அது. ஏன் ஒத்திருக்கின்றன என்ற காரணம் பெலோனுக்குத் தெரியாது. ஒத்திருக்கின்றன என்பதை வரைந்து வரைந்தே அவர் கண்டுகொண்டார்.

அடுத்த சான்று முட்டைக்குள் இருக்கிறது. கோழி முட்டை பொரிய 21 நாள். வளரும் கருவை இடையில் எடுத்துப் பார்த்தால், காலில் கணுக்காலின் சிறு துண்டுகளும் பாதத்தின் எலும்புகளும் தனித்தனிக் குருத்தெலும்புகளாக இருக்கின்றன. நாள் போகப்போகக் கணுக்காலின் மேல் துண்டுகள் கெண்டைக்கால் எலும்போடும், கீழ்த் துண்டுகள் பாத எலும்புகளோடும் ஒட்டிக்கொள்கின்றன. குஞ்சு வெளியே வந்து வளரும்போது பாதம் ஒரே நீள எலும்பாகிவிடுகிறது. அந்த ஒற்றை எலும்பைத்தான் பிள்ளைகள் கெண்டைக்கால் என்று நினைத்து வரைகிறார்கள்.

தொடை ஏன் இப்படிக் கிடையாகப் படுத்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனியில் 1861இல் கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் புதைபடிவத்தில் பறவையின் இறகும் இருக்கிறது, பல்லியின் வால் அளவுக்கு நீண்ட எலும்பு வாலும் இருக்கிறது. பறவைகளின் முன்னோரான டைனோசர்கள் நீண்ட வாலைப் பின்னால் நீட்டி எடையைச் சமன் செய்தன. பறவைகளின் வழியில் அந்த எலும்பு வால் குறுகிப் போயிற்று. பறப்பதற்கான மார்புச் சதை முன்பக்கம் பெருத்தது. எடை முழுவதும் முன்னால் போய்விட்டால் பாதம் பழைய இடத்தில் இருந்து என்ன செய்யும்? பறவை குப்புற விழும். தொடை முன்னோக்கிக் கிடையாகப் படுத்ததால் முழங்கால் முன்னே வந்தது. அதனால் பாதமும் எடைக்கு நேர்கீழே வந்து சேர்ந்தது. 1999இல் ஸ்டீபன் கேட்ஸி என்ற அமெரிக்க ஆய்வாளர் கினிக்கோழிகளை ஓடும் பட்டை மீது நடக்கவிட்டு எக்ஸ்ரே மூலம் படம் பிடித்தார். மெதுவாக நடக்கும்போது தொடை எலும்பு மிகக் கொஞ்சமே அசைந்தது. நாம் இடுப்பிலிருந்து காலை வீசி நடக்கிறோம். கினிக்கோழி பெரும்பாலும் முழங்காலிலிருந்து வீசி நடந்தது.

வரைபவருக்கு இதில் ஒரு விதி கிடைக்கிறது. காலை உடலின் பின்நுனியிலிருந்து தொங்கவிடக் கூடாது; நடுவயிற்றிலிருந்தும் குத்த வைக்கக் கூடாது. முதலில் உடலுக்கு ஒரு முட்டை வடிவம் போடுங்கள், சாய்வு முக்கியம். உண்ணிக்கொக்கு நடக்கையில் அந்த முட்டை கிட்டத்தட்டப் படுத்திருக்கும். கம்பியில் உட்கார்ந்த இரட்டைவால் குருவிக்கு அது நிமிர்ந்திருக்கும். தலையைச் சேர்த்தபின் மொத்த எடை எங்கே விழும் என்று ஒரு செங்குத்துக் கோடு கீழே இழுத்து, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் விரல்களை வையுங்கள். கணுக்காலை அதற்குப் பின்னால் வைத்து, அங்கிருந்து முன்னும் மேலுமாகப் போய் இறகுக்குள் மறையும் கெண்டைக்காலை வரைந்தால் பறவை நின்றுவிடும். இந்த ஒரு கோட்டைக் கற்றுக்கொண்ட பிள்ளை வரைந்த பறவை விழுவதே இல்லை.

கழுத்திலும் இதே கதைதான். மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள், ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான். பறவைகளில் இனத்துக்கு இனம் மாறும். 13 முதல் 25 வரை உண்டு. குருவிக்குக் கழுத்தே இல்லாத மாதிரி தெரிந்தாலும் உள்ளே கழுத்து எஸ் வடிவில் மடிந்திருக்கிறது, மேலே இறகு மூடியிருக்கிறது. கொக்கு, சாம்பல் நாரை இவற்றின் கழுத்தில் ஆறாவது முள்ளெலும்பு மற்றவற்றைவிட நீண்டது. அந்த இடத்தில் கழுத்து ஒடிந்தது போல ஒரு முறிப்பு தெரியும். அந்த முறிப்பை வைத்துத்தான் கழுத்தை மடக்கி, ஒரே வீச்சில் மீனைக் கொத்துகிறது. பறக்கும்போதும் கழுத்தை மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் வேறு குடும்பம்; அவை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். வானத்தில் கறுப்பு நிழலாகத் தெரியும் பறவை எந்தக் குடும்பம் என்பதை இந்த ஒரு கோட்டிலேயே காட்டிவிடலாம். கழுத்தை வழவழப்பான வளைவாகப் போட்டால் கொக்கு வாத்தாகிவிடும்.

எலும்பு முடிந்து இறகுக்கு வந்தால் இன்னொரு புதிர். பறவையின் உடம்பு முழுக்க இறகு முளைக்கிறதா? கோழிக்கடையில் இறகு நீக்கிய தோலை உற்றுப் பாருங்கள். புள்ளிப்புள்ளியாக இறகு முளைத்த தடங்கள் சில பட்டைகளில் நெருக்கமாகவும், இடையில் வெறும் தோலாகவும் இருக்கும். முதுகெலும்பு ஓரம் ஒரு பட்டை, மார்பின் இருபுறமும் இரண்டு, தோளில் ஒன்று, தொடையில் ஒன்று. இவற்றை இறகுத்தடங்கள் என்று சொல்லலாம். ஜெர்மன் உயிரியலாளர் கிறிஸ்டியன் நிட்ஷ் பறவை இனம் இனமாக இந்தத் தடங்களை வரைந்து வைத்தார். அவர் இறந்தபின் 1840இல் அந்த நூல் வெளிவந்தது. வெறும் தோல் உள்ள இடங்களைப் பக்கத்துத் தடத்து இறகுகள் சாய்ந்து மூடிக்கொள்வதால் நமக்கு உடல் முழுவதும் இறகாகத் தெரிகிறது.

மூடும் முறை பனையோலைக் கூரை வேய்வதைப் போன்றது. கூரை வேய்பவர் இறவாரத்தில் தொடங்கி மேலே போவார். மேல் ஓலை கீழ் ஓலையின் தலையை மூடும். தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். பறவையில் தலைப்பக்கத்து இறகு வால்பக்கத்து இறகின் அடியை மூடுகிறது. மழையும் எதிர்காற்றும் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு வழுக்கிப் போகின்றன. பிள்ளைகள் இறகைத் தலையிலிருந்து வரையத் தொடங்கினால் அடுக்கு குழம்பிவிடும். வாலில் தொடங்கித் தலையை நோக்கி வரிசை வரிசையாக ஏறி வந்தால், எது மேலே எது கீழே என்ற சந்தேகமே வராது. ஒவ்வொரு இறகையும் வரைய வேண்டிய அவசியமும் இல்லை. தடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற விளிம்பு தெரிந்தால் போதும். பறவை குளிரில் உப்பும்போதும் தலையைத் திருப்பும்போதும் அந்தத் தடங்கள்தான் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன.

இறக்கையில் இரண்டு முக்கிய வரிசைகள். கையின் பகுதியில், அதாவது மணிக்கட்டுக்கு அப்பால் முளைப்பவை முதல்நிலைச் சிறகுகள். காகத்துக்கும் கோழிக்கும் பக்கத்துக்குப் பத்து. முன்கை எலும்பில் முளைப்பவை இரண்டாம்நிலைச் சிறகுகள். இந்த இரண்டாம் வரிசை எலும்பிலேயே ஊன்றி நிற்பதால் பல பறவைகளின் முன்கை எலும்பில் வரிசையாகச் சிறு மொட்டுகள் இருக்கும். மங்கோலியாவில் கிடைத்த வெலோசிராப்டர் டைனோசரின் முன்கை எலும்பில் இதே மாதிரி ஆறு மொட்டுகள் இருப்பதை 2007இல் கண்டு அறிவித்தார்கள். அந்த எலும்பில் இறகே இல்லை. இறகு ஊன்றிய இடம் மட்டும் இருந்தது. திரைப்படங்களில் பல்லித்தோலோடு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பிராணிக்குக் கையில் இறகு இருந்தது என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது.

இறக்கையை மடக்கும்போது முதல்நிலைச் சிறகுகள் இரண்டாம்நிலைச் சிறகுகளுக்கு அடியில் சரிந்து போய்விடும். நுனி மட்டும் வெளியே நீட்டும். எவ்வளவு நீட்டுகிறது என்பது அந்தப் பறவையின் வாழ்க்கையைச் சொல்லும். புதரடியில் கும்பலாகத் தத்தும் தவிட்டுக்குருவிக்கு அந்த நுனி மிகக் குட்டை. அது தூரம் பறக்காது. தகைவிலான் உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள், நுனி வாலின் எல்லை வரை போகும். இரண்டுக்கும் ஒரே இறக்கையைப் போட்டுவிட்டு நிறத்தால் வித்தியாசம் காட்டினால் படம் பொய்யாகிவிடும்.

நம் வட்டாரத்தில் அதிகம் அச்சான பறவை மயிலாகத்தான் இருக்கும். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களிலிருந்து ஆண்டுதோறும் கிளம்பும் முருகன் காலண்டர்களில் அது தோகை விரித்து நிற்கிறது. பல படங்களில் தோகை வாலின் நுனியிலிருந்து விரிவதாக வரைந்திருப்பார்கள். மயிலின் தோகை வாலே இல்லை. வாலின் அடியை மேலிருந்து மூடும் போர்வை இறகுகள் நீண்டு போனவை அவை. எண்ணிக்கை இருநூறு வரை வரும். உண்மையான வால் பின்னால் இருக்கிறது: பழுப்பு நிறத்தில், விறைப்பாக, 20 இறகு. தோகையை நிமிர்த்தித் தாங்கி நிற்பது அந்த வால்தான். தோகை விரித்த மயிலுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அடுத்த முறை காலண்டர் பார்க்கும்போது தோகை எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். இடுப்புக்கு மேலே, முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கினால் அந்த ஓவியர் மயிலைப் பார்த்திருக்கிறார்.

பார்த்து வரைவது என்பதில் நம் மாநிலத்துக்குப் பழைய முன்னோடி ஒருவர் உண்டு. 1801இல் சென்னை உச்சநீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி க்வில்லிமின் மனைவி எலிசபெத் க்வில்லிம். பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்த பறவைகளை உயிரோடு எதிரில் வைத்துக்கொண்டு நீர்வண்ணத்தில் வரைந்தார். பதப்படுத்திப் பஞ்சு அடைத்த உடல்களைப் பார்த்து, விறைத்த பறவைகளாக ஐரோப்பாவில் பலர் வரைந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்க ஓவியர் ஆடுபான் தன் புகழ்பெற்ற பறவைப் படங்களை வெளியிடத் தொடங்கியதே அதற்கு இருபது ஆண்டுக்குப் பிறகுதான். 1807இல் எலிசபெத் சென்னையிலேயே இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை யாரும் அறியவில்லை. 1924இல் கேசி வுட் என்ற கண் மருத்துவர் லண்டனில் அவற்றைக் கண்டெடுத்தார்; இப்போது அவை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னைக் கடற்கரையிலும் ஏரிகளிலும் திரிந்த பறவைகளைப் பற்றிய இத்தனை பெரிய ஆவணம் நூறாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது என்று நினைத்தால் மனது ஆறுவதில்லை.

தமிழிலும் எழுதி, தானே வரைந்தும் கொடுத்தவர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை பற்றி எழுதிவந்தார். அவருடைய கட்டுரைகளோடு வந்த கறுப்பு-வெள்ளைக் கோட்டோவியங்களில் நிறம் கிடையாது. பறவை நிற்கும் தோரணை இருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் இப்படிப் பென்சிலை மட்டும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நிறப்பெட்டி கையில் வந்துவிட்டால் உருவத்தை மறந்துவிடுவார்கள்.

கையில் கேமரா உள்ள காலத்தில் ஏன் வரைய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. புகைப்படம் ஒரு நாள், ஒரு வெளிச்சத்தில், ஒரு தனிப் பறவையைக் காட்டுகிறது. ஓவியம் அந்த இனத்தைக் காட்ட முடியும். 1934இல் அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கையேடு பறவைகளை ஒரே பக்கவாட்டில் எளிமையாக வரைந்து, அடையாளம் காண உதவும் இடத்தை மட்டும் சிறு கோட்டால் சுட்டியது. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தபோதும் அதில் வண்ண ஓவியங்களே இருந்தன. இன்றும் உலகின் சிறந்த பறவைக் கையேடுகள் பல, ஓவியத்தைத்தான் நம்புகின்றன.

கால்விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். குருவி, காகம், மைனாவுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளி, மரங்கொத்தி, குயில், செம்போத்து இவற்றுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நீர்க்காகத்துக்கு நான்கு விரல்களையும் ஒரே சவ்வு இணைக்கிறது. முக்குளிப்பானுக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இலை. இதைத் தவறாகப் போட்டாலும் பார்ப்பவர் கண்டுபிடிக்கமாட்டார். ஆனால் பறவைக்குப் பிடிமானம் இருக்காது.

இனி நிறம். இங்கேதான் சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு அனுகூலம். வாணவெடி செய்பவர்களிடம் எந்த நிறம் கஷ்டம் என்று கேட்டால் நீலம் என்பார்கள். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம் என்று உப்புகள் இருக்கின்றன. பச்சைக்குப் பேரியம், தொழிலில் பச்சை உப்பு என்பார்கள், 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. நீலத்துக்குச் செம்பு. செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு சூட்டில் நீல ஒளியை விடும். சூடு அதிகமானால் அதே மூலக்கூறு உடைந்து நீலம் வெளிறிப்போகும். பிரகாசம் வேண்டுமென்றால் சூடு வேண்டும், சூடு ஏறினால் நீலம் போய்விடும்.

பறவைகளுக்கும் நீலம் கஷ்டம்தான். கறுப்பு, பழுப்பு நிறங்களை மெலனின் என்ற நிறமி தருகிறது. மஞ்சள், சிவப்பு பலவற்றுக்கு உணவிலிருந்து வரும் நிறமிகள் உண்டு. ஆனால் பறவை இறகில் நீல நிறமி என்று ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை. அப்படியென்றால் மீன்கொத்தியின் முதுகு? மயிலின் கழுத்து? பனைமரத்தில் மங்கிய பழுப்பாக உட்கார்ந்திருந்து, பறக்கும்போது இறக்கையில் நீலப்பட்டைகளை விரிக்கும் பனங்காடை?

அச்சகத்தில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் சின்ன லென்ஸை எடுத்து, கோயில் வாசலில் விற்கும் மயிலிறகின் கண்ணை நோக்குங்கள். நடுத்தண்டிலிருந்து கிளைகள், ஒவ்வொரு கிளையின் இருபுறமும் மிக நெருக்கமாக நுண்கிளைகள். ஒவ்வொரு நுண்கிளையும் சிறு சிறு துண்டுகளாக மின்னும். இறகைக் கொஞ்சம் சாய்த்தால் பச்சை நீலமாகும், நீலம் ஊதாவாகும். இப்போது இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடுருவிப் பாருங்கள்: பழுப்பு. நிறம் எங்கே போயிற்று? ராபர்ட் ஹூக் 1665இல் தன் நுண்ணோக்கி நூலில் மயிலிறகை நனைத்தால் நிறம் மறைந்துவிடுகிறது என்று எழுதினார். சாயமாக இருந்தால் நனைந்ததும் மறையாது. நிறம் பொருளில் இல்லை, அடுக்கில் இருக்கிறது என்பதற்கான முதல் தடயம் அது. இதை அமைப்பு நிறம் என்கிறோம்.

2003இல் சீனாவின் ஃபூதான் பல்கலைக்கழகத்தினர் மயிலின் நுண்கிளையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குறுக்குவெட்டாகப் பார்த்தார்கள். மெலனின் குச்சிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருந்தன, இடையில் காற்று. நீலம் தெரியும் இடத்தில் குச்சிக்குக் குச்சி இடைவெளி சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எல்லா இடத்திலும் அதே மெலனின், அதே காற்று. இடைவெளி கொஞ்சம் மாறியதும் எந்த அலைநீளத்து ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து வலுத்துத் திரும்புகிறது என்பது மாறிவிடுகிறது. வெள்ளை மயிலுக்கு மெலனின் இல்லை; அடுக்கக் குச்சி இல்லாததால் நிறமும் இல்லை.

பனங்காடையின் நீலம் வேறு வகை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பெரிதாக மாறாது. வானம் நீலமாகத் தெரிவதற்கான அதே காரணம், நுண்துகள்களில் ஒளி சிதறுவது, இங்கும் பொருந்தும் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து நம்பிவந்தார்கள். இதைச் சோதித்தவர்களில் ஒருவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1934இல் அவர் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில், முதல் தொகுதியிலேயே பறவை இறகின் நிறம் பற்றி எழுதினார். எடுத்துக்கொண்ட பறவை நம் பனங்காடை. வெறும் சிதறல் அந்த நீலத்தை முழுதாக விளக்கவில்லை, ஒளி அலைகள் ஒன்றோடொன்று கூடும் விளைவும் இருக்கிறது என்பது அவர் கருத்து. நோபல் பரிசு வாங்கி நான்கு ஆண்டு ஆனவர், பனங்காட்டில் எவரும் பார்க்கும் பறவையின் இறகை நுண்ணோக்கியில் வைத்திருக்கிறார். 1998இல் ரிச்சர்ட் பிரம் குழுவினர் வேறொரு பறவையின் நீல இறகை ஆராய்ந்து, இறகின் உள்ளே கெரட்டின் என்ற புரதமும் காற்றும் கலந்த பஞ்சு போன்ற அமைப்பு ஒழுங்கற்றதாகத் தெரிந்தாலும் அதன் துளைகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றன, அதனால்தான் நீலம் வலுக்கிறது என்று காட்டினார்கள். ராமன் சந்தேகித்த திசை சரியாக இருந்தது.

கிளியின் பச்சையும் இப்படித்தான். உள்ளே நீலம் தரும் பஞ்சு, மேலே மஞ்சள் நிறமி. இரண்டும் சேர்ந்து பச்சை. கடையில் லவ்பேர்ட்ஸ் என்று விற்கும் குட்டிக் கிளிகளில் பச்சையும் இருக்கும், நீலமும் இருக்கும். நீலக் குஞ்சில் மஞ்சள் நிறமியைச் செய்யும் மரபணு வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். ஒரு மஞ்சள் பென்சிலைக் கையிலெடுத்து நீலத்தின் மேல் பூசும் பிள்ளை கிளி செய்வதையே செய்கிறது.

ஆனால் ஓரிடத்தில் காகிதம் பறவைக்கு நேர்மாறானது. பனங்காடையின் நீலப்பஞ்சுக்குக் கீழே கறுப்பு மெலனின் அடுக்கு ஒன்று இருக்கிறது. பஞ்சில் சேராமல் ஊடுருவிப்போகும் மற்ற நிறங்களை அது விழுங்கிவிடுவதால்தான் நீலம் தெளிவாகிறது. மெலனின் இல்லாமல் பிறக்கும் நீலப் பறவைகளின் இறகு, பஞ்சு அப்படியே இருந்தும் வெளிறித் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு யாராவது காகிதத்தில் முதலில் கறுப்பைப் பூசி மேலே நீலம் வைத்தால் அழுக்குதான் மிஞ்சும். சாயம் ஒளியை உறிஞ்சி நிறம் காட்டுவது. நீர்வண்ணத்தை ஊடுருவிய ஒளி அடியில் உள்ள வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் நீலம் பளிச்சிடும். ஆஃப்செட் அச்சில் சயான் மையை வெள்ளை ஆர்ட் பேப்பரில் அடிப்பதும் இதற்காகத்தான். ஆகவே பனங்காடையின் இறக்கையை விரித்து வரையும்போது வெளிர்நீலப் பட்டைக்கான இடத்தைக் காகிதமாகவே விட்டுவைத்து, ஒரே கழுவலில் மெல்லிய நீலத்தை ஓடவிட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு பக்கத்துப் பட்டையில் அடர்ந்த ஊதா நீலத்தை வைக்க வேண்டும். முதுகின் மங்கிய பழுப்பைக் கடைசியில் போடலாம்.